பாக்டீரியாவின் சர்க்கரைச் சங்கிலியை வாசிக்க உதவும் இரு இணையச் சேவைகள்: கேஸ்பர், சி.எஸ்.டி.பி. – பயன்படுத்தியவரின் மதிப்புரை

டைஃபாய்டு என்ற ஐயத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு விடால் பரிசோதனையின் முடிவுச் சீட்டை வாங்கிப் பார்த்தவர்கள், அதில் 'ஓ' என்றும் 'எச்' என்றும் இரு எழுத்துகளுக்கு எதிரே தனித்தனி அளவுகள் குறிக்கப்பட்டிருப்பதைக் கவனித்திருக்கலாம். 'எச்' என்பது பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் புரதத்தைக் குறிக்கிறது. 'ஓ' குறிப்பது புரதத்தை அன்று. அந்தப் பாக்டீரியாவின் மேற்பரப்பில் கோரைப்புல் போல அடர்ந்து நிற்கும் சர்க்கரைச் சங்கிலியை. சால்மோனெல்லாவில் ஏ, பி, டி என்று பிரிக்கப்படும் மூன்று குழுக்களுக்கும் இந்தச் சங்கிலியின் தண்டு ஒன்றேதான்: மேனோஸ், ராம்னோஸ், காலக்டோஸ் ஆகிய மூன்றும் திரும்பத் திரும்ப வரும் தொடர். மேனோஸிலிருந்து கிளையாகத் தொங்கும் ஒரே ஒரு சிறு சர்க்கரையில்தான் வேறுபாடு இருக்கிறது. பாராடைஃபி ஏ வகையில் அது பாராடோஸ், டைஃபிமியூரியத்தில் அபெக்வோஸ், டைஃபியில் டைவெலோஸ். மூன்றுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. ஓரிரு ஹைட்ராக்சில் தொகுதிகள் வளையத்தின் மேற்பக்கம் நிற்கின்றனவா, கீழ்ப்பக்கம் நிற்கின்றனவா என்பதை வைத்தே நம் உடலின் எதிர்ப்பொருள் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிகிறது.

எதிர்ப்பொருள் நொடியில் அறிந்துகொள்வதை நாம் ஆய்வகத்தில் அறிய மாதங்கள் ஆகின்றன. அந்த மாதங்களை வாரங்களாகக் குறைக்கும் இரண்டு இலவச இணையச் சேவைகளைப் பற்றியே இந்த மதிப்புரை. ஒன்று, சுவீடனின் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் உருவான கேஸ்பர் என்னும் கணிப்பு நிரல். மற்றது, மாஸ்கோவில் உள்ள செலின்ஸ்கி கரிம வேதியியல் நிறுவனத்தில் பராமரிக்கப்படும் சி.எஸ்.டி.பி. என்னும் சர்க்கரை அமைப்புத் தரவுத்தளம். பாக்டீரியாவின் பாலிசாக்கரைடுகளை, அதாவது நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை, பிரித்தெடுத்து அவற்றின் அமைப்பைக் கண்டறியும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இரண்டையும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். இவற்றைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதப்பட்ட குறிப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை. முனைவர் பட்டத்திற்காக இத்துறைக்குள் வரும் நம் மாணவர்கள், எனக்கு நேர்ந்தது போல, இவற்றைத் தற்செயலாகக் கண்டுபிடிக்க வேண்டிய நிலையில் இருக்கக் கூடாது என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

சேவையின் அருமை தெரிய வேண்டுமானால் சிக்கலின் அளவு தெரிந்திருக்க வேண்டும். புரதமாக இருந்தால் அமினோ அமிலங்களின் வரிசையைச் சொன்னாலே பெரும்பாலும் போதும். ஒன்றோடு ஒன்று இணையும் முறை மாறுவதில்லை. சர்க்கரையில் அப்படியில்லை. நான்கு வெவ்வேறு ஹெக்சோஸ் (ஆறு கார்பன்) சர்க்கரைகள் கிளையின்றி ஒரு திரும்பலகாக, அதாவது சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் அலகாக, அமைகின்றன என்று கொள்வோம். அவை வரும் வரிசைக்கு 6 வாய்ப்புகள். ஒவ்வொன்றின் இணைப்பும் வளையத்தின் எந்தப் பக்கம் நோக்குகிறது, அதாவது ஆல்ஃபாவா பீட்டாவா, என்பதற்கு மொத்தம் 16 வாய்ப்புகள். ஒவ்வொன்றும் தன் 2, 3, 4, 6 ஆகிய கார்பன்களில் எதன் வழியே அடுத்ததைத் தாங்குகிறது என்பதற்கு 256 வாய்ப்புகள். பெருக்கினால் 24,576. கிளைகளையும் ஐந்துறுப்பு வளையங்களையும் அசெட்டைல், பாஸ்பேட் போன்ற சேர்க்கைகளையும் கணக்கில் கொண்டால் இந்த எண் இன்னும் பலமடங்கு பெருகும். இத்தனையிலிருந்தும் உண்மையான ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் எங்கள் தொழில்.

வேலை பாக்டீரியாவை வளர்ப்பதில் தொடங்குகிறது. ஓட்டோ வெஸ்ட்ஃபாலும் ஓட்டோ லூடரிட்சும் 1952இல் வெளியிட்ட சூடான ஃபீனால்–நீர் முறையில், ஏறக்குறைய 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், கொழுப்பும் சர்க்கரைச் சங்கிலியும் இணைந்த லிப்போபாலிசாக்கரைடைப் பிரித்தெடுக்கிறோம். மென்மையான அசெட்டிக் அமிலத்தில் கொதிக்கவைத்துக் கொழுப்புப் பகுதியைத் துண்டித்தால் சர்க்கரைச் சங்கிலி கரைசலில் தங்கிவிடுகிறது. அதன்பின் ஒரு பகுதியை முழுமையாக நீராற்பகுத்து என்னென்ன சர்க்கரைகள் இருக்கின்றன என்று வாயு நிறப்பகுப்பியில் பார்க்கிறோம். இன்னொரு பகுதியை மெத்தைலேற்றம் செய்து, அதாவது இணைப்பில் இல்லாத ஹைட்ராக்சில்களை மெத்தைல் தொகுதியால் மூடி, இணைப்பு இடங்களை அறிகிறோம். ஒளியியல் தூய்மை கொண்ட பியூட்டனால் அல்லது ஆக்டனாலோடு வினைபுரியச் செய்து ஒவ்வொன்றும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான டி, எல் வகைகளில் எது என்று முடிவு செய்கிறோம். மிச்சமிருக்கும் சில மில்லிகிராம் கனநீரில் கரைந்து என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவிக்குள் செல்கிறது.

என்.எம்.ஆர். நிறமாலையில் புரோட்டான் பகுதியில் 4.4 முதல் 5.5 பி.பி.எம். (குறி நிற்கும் இடத்தைச் சொல்லும் அலகு) வரையிலான சிறு இடைவெளியையே நாங்கள் முதலில் பார்ப்போம். ஒவ்வொரு சர்க்கரையின் முதல் கார்பனிலும் உள்ள அனோமெரிக் புரோட்டான் பெரும்பாலும் அங்கேதான் தலைகாட்டும். ஆகவே அங்கே எத்தனை குறிகள் உள்ளன என்று எண்ணினால் திரும்பலகில் எத்தனை சர்க்கரைகள் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். குளுக்கோஸ் போன்றவற்றில் அந்தக் குறியின் பிளவு 7 அல்லது 8 ஹெர்ட்ஸ் இருந்தால் பீட்டா, 3 அல்லது 4 இருந்தால் ஆல்ஃபா. மேனோஸிலும் ராம்னோஸிலும் இந்தப் பிளவு இரண்டு வகையிலும் மிகச் சிறியது என்பதால் கார்பனுக்கும் புரோட்டானுக்கும் இடையிலான பிணைப்பு மாறிலியை நாட வேண்டும். அது 170 ஹெர்ட்ஸை ஒட்டியிருந்தால் ஆல்ஃபா, 160ஐ ஒட்டியிருந்தால் பீட்டா. எந்தக் கார்பன் அடுத்த சர்க்கரையைத் தாங்குகிறதோ அதன் குறி, தனிச் சர்க்கரையில் இருந்த இடத்தைவிட வழக்கமாக 4 முதல் 10 பி.பி.எம். வரை மேலேறி நிற்கும். பழுத்த கண்கள் இந்தத் தடயங்களை வைத்துக்கொண்டே பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து அமைப்பை எழுதிவிடும். ஆனால் ஒரே சர்க்கரை மூன்று முறை வரும் சங்கிலியில் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்போது பழுத்த கண்களும் தடுமாறும்.

இந்த இடத்தில்தான் கேஸ்பர் வருகிறது. பெர்-எரிக் யான்சன், லென்னார்ட் கென்னே, யோரன் விட்மால்ம் ஆகிய மூவரும் 1987இல் இதை அறிமுகம் செய்தனர். ஒழுங்கான பாலிசாக்கரைடுகளின் நிறமாலையைக் கணினித் துணையோடு மதிப்பிடுதல் என்பதன் சுருக்கமே அந்தப் பெயர். பெங்ட் லிண்ட்பெரி பாலிசாக்கரைடுகளின் மெத்தைலேற்றப் பகுப்பாய்வை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்த அதே ஸ்டாக்ஹோமில் இது பிறந்தது வியப்பன்று. நிரலின் உள்ளே நடப்பது அடிப்படையில் எளிய கூட்டல். தனிச் சர்க்கரைகளின் வேதிப் பெயர்ச்சி மதிப்புகள், அதாவது அவற்றின் குறிகள் நிற்கும் இடங்கள், அதன் தரவில் உள்ளன. இரண்டு சர்க்கரைகள் குறிப்பிட்ட முறையில் இணையும்போது ஒவ்வொரு கார்பனும் புரோட்டானும் எவ்வளவு நகரும் என்பது இரட்டைச் சர்க்கரைகளை அளந்து பெற்ற மதிப்புகளாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. கிளை பிரியும் இடத்தில் நெருக்கடி மிகுவதால், அங்கே மூன்று சர்க்கரைகள் கூடிய சேர்மங்களிலிருந்து பெற்ற திருத்தமும் சேர்க்கப்படுகிறது. நாம் கொடுக்கும் உட்கூறுகளைக் கொண்டு சாத்தியமான அமைப்புகளை எல்லாம் நிரல் உருவாக்கி, ஒவ்வொன்றின் நிறமாலையையும் இப்படிக் கூட்டிக் கணித்து, நாம் அளந்த நிறமாலையோடு ஒப்பிட்டு, விலகல் குறைவானதிலிருந்து கூடுதலானது வரை வரிசைப்படுத்தித் தருகிறது.

எந்தக் குறி எந்த அணுவுக்கு உரியது என்று நாம் முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை என்பது இதன் மிகப்பெரிய வசதி. இருபரிமாண நிறமாலைகளான எச்.எஸ்.க்யூ.சி. (நேரடியாகப் பிணைந்த கார்பன்–புரோட்டான் இணைகளைக் காட்டுவது), எச்.எம்.பி.சி. (சில பிணைப்புகள் தள்ளியுள்ள இணைகளைக் காட்டுவது) போன்றவற்றின் உச்சிகளை இனங்காணாத வெறும் எண் பட்டியலாகக் கொடுத்தாலே போதும். நிரலை விரிவாக்கி 2011இல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகு, உட்கூறுப் பகுப்பாய்வு இல்லாமலே என்.எம்.ஆர். தரவை மட்டும் கொண்டு அமைப்பைத் தேடவும் வழி பிறந்திருக்கிறது. அமைப்பு நமக்கு முன்பே தெரிந்திருந்தால் எதிர்த்திசையிலும் போகலாம்: சங்கிலியை எழுதிக் கொடுத்தால் அது தரக்கூடிய குறிகளைக் கணித்துக் காட்டும். கற்பிப்பதற்கு இந்த இரண்டாவது வசதிக்கு இணையானது வேறொன்றில்லை என்பேன். ஒரு இணைப்பை மூன்றாம் கார்பனிலிருந்து நான்காம் கார்பனுக்கு மாற்றி எழுதிவிட்டு, எந்தெந்தக் குறிகள் எவ்வளவு நகர்கின்றன என்று மாணவர் தாமே பார்த்துக்கொள்ளலாம். பாடநூலில் ஓர் அட்டவணையாகச் சுருங்கிக் கிடக்கும் செய்தி அப்போது கையில் அகப்படும் பொருளாகிவிடுகிறது.

புதிய கருவி எதையும் விடை தெரிந்த கணக்கில் சோதித்துப் பார்த்த பிறகே நம்புவது என் வழக்கம். வயிற்றுளைச்சலுக்குக் காரணமான ஷிகெல்லா ஃபிளெக்ஸ்னெரியின் ஒய் வகைச் சங்கிலியை அதற்காக எடுத்துக்கொண்டேன். அதன் திரும்பலகில் மூன்று ஆல்ஃபா எல்-ராம்னோஸும் ஒரு பீட்டா என்-அசெட்டைல் குளுக்கோசமைனும் உள்ளன. ஒரே சர்க்கரை மூன்று முறை வருவதால் கண்ணுக்குக் கடினமான வகை. கிளையற்ற ஆறுறுப்பு வளையங்களாக மட்டும் கொண்டாலும் இதற்கு 1,296 அமைப்புகள் சாத்தியம். இணைப்பு இடங்களைப் பற்றி எதுவும் சொல்லாமல், உட்கூறுகளையும் கார்பன் குறிகளையும் மட்டும் கொடுத்தேன். சரியான அமைப்பு பட்டியலின் தொடக்க வரிகளிலேயே வந்துவிட்டது. ஆனால் அதை ஒட்டியே, ஒரு ராம்னோஸின் இணைப்பு இடம் மட்டும் மாறிய வேறு சில அமைப்புகளும் மிகச் சிறிய விலகலோடு நின்றன. பிறகு எச்.எஸ்.க்யூ.சி., எச்.எம்.பி.சி. உச்சிகளையும் சேர்த்துக் கொடுத்தபோது அவை பின்தங்கின. இந்தச் சோதனையிலிருந்து நான் கைக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. முதல் வரியை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடுவதில்லை. முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் இடையில் உள்ள தொலைவைப் பார்க்கிறேன். அந்தத் தொலைவு குறுகியிருந்தால், இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடிய ஒரு குறியை நிறமாலையில் நானே தேடிப் பிடிக்கிறேன். அண்டைச் சர்க்கரைகளின் நெருக்கத்தைக் காட்டும் நோசி நிறமாலை பெரும்பாலும் அதைத் தந்துவிடும்.

கேஸ்பரின் வலிமையும் எல்லையும் ஒருசேர எனக்குப் புரிந்த நிகழ்வு வேறு. எங்கள் வாயு நிறப்பகுப்பி பழுதாகிக் கிடந்த ஒரு காலத்தில், பயிற்சிக்கு வந்திருந்த மாணவிக்காகச் சால்மோனெல்லா பி குழுவின் பாலிசாக்கரைடு ஒன்றை, அது இன்னது என்று சொல்லாமல் கொடுத்தோம். உட்கூறுப் பகுப்பாய்வைக் கட்டணம் செலுத்தி ஒரு தனியார் ஆய்வகத்தில் செய்து வாங்கினோம். அறிக்கையில் மேனோஸ், ராம்னோஸ், காலக்டோஸ் என்று மூன்று சர்க்கரைகள் மட்டுமே இருந்தன. மாணவி அந்த மூன்றையும் கேஸ்பரில் இட்டு, நிறமாலைக் குறிகளையும் கொடுத்துப் பார்த்தார். எந்த வரியும் பொருந்தவில்லை. இரண்டு நாள் உச்சிகளைத் திருத்திப் பார்த்தபின் என்னிடம் வந்து, "சார், மூன்று சர்க்கரைக்குப் பதினெட்டுக் கார்பன்தானே வர வேண்டும்? இதில் ஆறு மிஞ்சுகிறதே" என்றார். மிஞ்சிய ஆறில் ஒன்று 34 பி.பி.எம். அருகே நின்றது. ஹைட்ராக்சில் இழந்த வளையக் கார்பன் மட்டுமே அங்கே நிற்கும். புரோட்டான் நிறமாலையின் வலப்பக்கத்திலும், ராம்னோஸின் மெத்தைல் குறிக்கு அருகே இன்னொரு மெத்தைல் தெளிவாக நின்றது. விடுபட்டது அபெக்வோஸ். இரண்டு ஹைட்ராக்சில்கள் குறைந்த இத்தகைய சர்க்கரைகள் கடும் அமிலத்தைத் தாங்குவதில்லை. மற்ற மூன்றையும் விடுவிக்கப் பயன்படுத்திய அதே வெப்பத்திலும் அமிலச் செறிவிலும் அது சிதைந்து போயிருந்தது. அறிக்கையில் நீராற்பகுப்பின் நிலைமைகள் குறிப்பிடப்படவே இல்லை என்பதுதான் என் வருத்தம். ஒரு வரி எழுதியிருந்தால் அந்த இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். நான்காவது சர்க்கரையைச் சேர்த்ததும் பட்டியல் சீரானது. மென்மையான நீராற்பகுப்பை மீண்டும் செய்து அபெக்வோஸை நேரிலும் கண்டோம்.

இதில் கேஸ்பரின்மேல் எனக்கு மதிப்பு கூடியது. பொருந்தாததைப் பொருந்துவதாகக் காட்டி அது எங்களைத் தேற்றவில்லை. ஆயினும், கொடுத்த உட்கூறுகளுக்கு வெளியே ஒரு சர்க்கரை இருக்கக்கூடும் என்பதைத் தேடுகிறவர்தான் உணர வேண்டியிருந்தது. பாக்டீரியாக்கள் பயன்படுத்தும் சர்க்கரைகளின் வகை மிகப் பெரிது. மனித உடலில் காண முடியாத டைடியாக்சி சர்க்கரைகள், பேசிலோசமைன், சூடமினிக் அமிலம், கிளையுள்ள ஹெப்டோஸ்கள் என்று நீளும் அந்த வரிசையில், தரவில் இல்லாத ஒன்று வந்தால் எந்தக் கணிப்பு நிரலும் அதைத் தானாகக் கண்டுபிடிக்காது. டி, எல் பற்றிய முடிவையும் நிறமாலை தனியாகத் தருவதில்லை. அண்டைச் சர்க்கரைகள் ஒன்றுக்கொன்று எந்த வகை என்பதை இணைப்புப் பெயர்ச்சிகள் சுட்டிக்காட்டும். ஆனால் முழுச் சங்கிலியையும் கண்ணாடி பிம்பமாகத் திருப்பினாலும் நிறமாலை மாறாது. ஆகவே ஒளியியல் ஆல்கஹால் கொண்டு செய்யும் பழைய வேதிச் சோதனையை விட்டுவிட்டுக் கட்டுரை எழுதத் துணிபவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

பெயரிலேயே உள்ள 'ஒழுங்கான' என்ற சொல்லையும் கருத்தில் கொள்ள வேண்டும். திரும்பலகு பிசகாமல் திரும்பினால்தான் இந்த முறை சிறக்கும். இயற்கையில் அசெட்டைல் தொகுதிகள் சில அலகுகளில் இருக்கும், சிலவற்றில் இராது. அப்போது ஒரே அணு இரண்டு இடங்களில் குறி காட்டும், பட்டியல் குழம்பும். நடைமுறையில் நாங்கள் செய்வது, மாதிரியை இயற்கை நிலையில் ஒருமுறை அளந்துவிட்டு, மென்காரம் கொண்டு அசெட்டைலை நீக்கி மீண்டும் அளப்பது. காரம் பட்ட சங்கிலியின் தெளிவான குறிகளைக் கேஸ்பருக்குக் கொடுத்துத் தண்டை உறுதி செய்துகொண்டபின், இரு நிறமாலைகளின் வேறுபாட்டிலிருந்து அசெட்டைலின் இடத்தைக் கையால் கண்டறிகிறோம். அசெட்டைல் நீங்கிய நிறமாலை அழகாக இருக்கிறது என்பதற்காக அதை மட்டும் வெளியிடுவது பெரும்பிழை. டைஃபியின் வெளியுறையான வி.ஐ. பாலிசாக்கரைடு, ஆல்ஃபா 1–4 இணைப்பில் தொடரும் என்-அசெட்டைல் காலக்டோசமைன் யூரோனிக் அமிலம். அதன் மூன்றாம் கார்பனில் உள்ள ஓ-அசெட்டைல்தான் நோயெதிர்ப்புத் தூண்டலுக்கு உயிர்நாடி. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரிக்கும் டைஃபாய்டு இணைப்புத் தடுப்பூசி உட்பட வி.ஐ. சார்ந்த தடுப்பூசிகளுக்கு இந்தச் சர்க்கரையே அடிப்படை. அவற்றின் தரக் கட்டுப்பாட்டில் அசெட்டைல் அளவு சோதிக்கப்படுவதற்குக் காரணம் இதுதான்.

சங்கிலியின் முனை இன்னொரு குருட்டிடம். காலரா கிருமியின் ஓ1 வகையில் ஒகாவா, இனாபா என்று இரண்டு உள்வகைகள் உண்டு. இரண்டுக்கும் சங்கிலி ஒன்றே: பெரோசமைன் என்னும் அமினோ சர்க்கரை 1–2 இணைப்பில் தொடர்கிறது. ஒகாவாவில் சங்கிலியின் கடைசிச் சர்க்கரையில் மட்டும், இரண்டாம் இடத்தில், ஒரே ஒரு மெத்தைல் தொகுதி கூடுதலாக இருக்கிறது. சங்கிலிக்கு ஒருமுறை மட்டுமே வருவதால் அதன் குறி மிகச் சிறியது. திரும்பலகை மட்டும் தேடும் கணிப்பில் அது சிக்காது. நிறமாலையின் அடிப்பகுதியை உருப்பெருக்கிப் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கே கிடைக்கும்.

இனி சி.எஸ்.டி.பி. அதன் வரலாற்றில் ஒரு பாடுபட்ட கதை இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கார்ப்பேங்க் என்ற பெயரில் சர்க்கரை அமைப்புகளின் முதல் பெரும் தொகுப்பு வளர்க்கப்பட்டு, நிதியின்றி 1990களிலேயே நின்றுபோனது. உலகெங்கும் இருந்த ஆய்வாளர்களின் உழைப்பு அப்படியே உறைந்து கிடந்தது. பிலிப் தூக்காச், யூரி க்னிரெல் ஆகியோர் பாக்டீரியாவுக்குரிய பதிவுகளை அதிலிருந்து மீட்டு, பிழை களைந்து, புதிய வெளியீடுகளைச் சேர்த்து 2005இல் பாக்டீரியா சர்க்கரைத் தரவுத்தளத்தைத் திறந்தனர். பழைய தொகுப்பில் பிழைகள் எவ்வளவு மலிந்திருந்தன என்பதையும் அக்குழுவே 2012இல் ஆராய்ந்து வெளியிட்டது. பின்னர் தாவர, பூஞ்சைத் தொகுப்பும் இதனோடு ஒன்றாக்கப்பட்டது. பாக்டீரியாவைப் பொறுத்தவரை வெளியான அமைப்புகளில் ஏறத்தாழ அனைத்தையும் உள்ளடக்க முயல்வது இதன் தனிச்சிறப்பு. அதனால்தான் இதில் 'இல்லை' என்று வரும் விடைக்கும் பொருள் உண்டு. நான் கண்டறிந்தது புதியதா, முன்பே யாரேனும் கண்டதா என்ற கேள்விக்கு, தேர்ந்தெடுத்த மாதிரிகளை மட்டும் வைத்திருக்கும் தொகுப்பு பதில் சொல்ல முடியாது.

பதிவு செய்துகொள்ளவோ கட்டணம் செலுத்தவோ வேண்டியதில்லை. அமைப்பின் ஒரு துண்டைக் கொடுத்துத் தேடலாம். உட்கூறுகளின் எண்ணிக்கையைக் கொடுத்துத் தேடலாம். பாக்டீரியாவின் பெயர், ஆசிரியர் பெயர், என்.எம்.ஆர். குறிகள் ஆகியவற்றைக் கொண்டும் தேடலாம். ஒவ்வொரு பதிவிலும் மூலக் கட்டுரையின் விவரமும், கிடைக்கும் இடங்களில் ஒவ்வோர் அணுவுக்கும் உரிய வேதிப் பெயர்ச்சி அட்டவணையும் இருக்கின்றன. நான் மிகுதியும் பயன்படுத்துவது துண்டுத் தேடல். என் மாதிரியில் ஒரு இரட்டைச் சர்க்கரைத் துண்டின் குறிகள் ஐயமாக இருந்தால், அதே துண்டு வேறு எந்தப் பாக்டீரியாவில் வந்திருக்கிறது என்று தேடி, அங்கே அளக்கப்பட்ட மதிப்புகளோடு ஒப்பிடுவேன். கேஸ்பர் தருவது கணிப்பு. இது தருவது அளவீடு. இரண்டும் ஒன்றையே சொல்லும்போது எனக்கு உறக்கம் நன்றாக வருகிறது. குறிகளைக் கணிக்கவும், சாத்தியமான அமைப்புகளை வரிசைப்படுத்தவும் சி.எஸ்.டி.பி.யிலும் தனிக் கருவிகள் உண்டு. கணிப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கும் அவை ஓர் அளவைச் சேர்த்தே தருகின்றன.

அதன் பயனுக்கு நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு ஓ139 காலரா. அதுவரை பெரும் கொள்ளைநோயாகப் பரவும் காலரா என்றால் ஓ1 வகைதான் என்றிருந்த நிலையில், 1992இல் சென்னையில் முதலில் அடையாளம் காணப்பட்ட இந்தப் புதிய வகை, சில மாதங்களில் கொல்கத்தாவையும் வங்கதேசத்தையும் தாக்கியது. ஓ1க்கு எதிராக ஊரில் இருந்த எதிர்ப்பாற்றல் இதனிடம் பலிக்கவில்லை. ஏனெனில் மேற்பரப்புச் சர்க்கரை முற்றிலும் வேறு. அதன் உறைச் சங்கிலியின் திரும்பலகில் ஆறு சர்க்கரைகள். அவற்றில் இரண்டு கோலிடோஸ் என்னும் டைடியாக்சி சர்க்கரை. காலக்டோஸின் 4, 6 இடங்களை வளைத்துப் பிடிக்கும் ஒரு வளையப் பாஸ்பேட்டும் உண்டு. கிளை நெருக்கமும் பாஸ்பேட்டும் சேர்ந்த இப்படிப்பட்ட சங்கிலியில் கூட்டல் முறைக் கணிப்பை மட்டும் நம்புவதைவிட, அளந்து வெளியிடப்பட்ட மதிப்புகளைத் தரவுத்தளத்தில் எடுத்து ஒப்பிடுவதே பாதுகாப்பானது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சி.எஸ்.டி.பி.யின் எழுத்துமுறை ஒருவரிக் குறியீட்டு முறை; கிளைகளை அடைப்புக்குறிக்குள் எழுதும் ஒழுங்கு கைக்கு வரச் சில நாள்கள் பிடிக்கும். படமாக வரைந்து உள்ளிடவும் வழி உண்டு என்பதால் புதியவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். தரவுத்தளம் என்பது வெளியான கட்டுரைகளின் கண்ணாடி. ஒரு அமைப்பு தவறாக வெளியாகிப் பின்னர் திருத்தப்பட்டிருந்தால் இரண்டும் கண்ணில் படும். ஆண்டைப் பார்க்காமல் முதலில் வந்ததை எடுத்துக்கொள்பவர் இடறுவார். பாக்டீரியாக்களின் பெயர்களும் காலப்போக்கில் மாறிவிடுகின்றன. பழைய பெயரிலும் தேடுவது நல்லது. இரண்டு சேவைகளும் ஆங்கிலத்தில்தான் இயங்குகின்றன, இரண்டின் தோற்றமும் எளிமையானது. எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. பக்கம் விரைவாகத் திறக்கிறது, தேவையானது கண்முன் இருக்கிறது.

பயன்படுத்தத் தொடங்குவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். மாதிரியைக் கனநீரில் கரைத்து உறையவைத்து உலர்த்துவதை இரண்டு மூன்று முறை செய்யாவிட்டால், அறை வெப்பத்தில் 4.7 பி.பி.எம். அருகே நிற்கும் மிச்ச நீரின் குறி, அனோமெரிக் புரோட்டான்களில் ஒன்றை விழுங்கிவிடும். வெப்பத்தை உயர்த்தினால் நீரின் குறி வலப்பக்கம் நகர்ந்து, ஒளிந்திருந்தது வெளியே வரும். ஆகவே ஒரே மாதிரியை இரண்டு வெப்பநிலைகளில் அளப்பது வீண்செலவன்று. அளவுகோலின் சுழியை எந்தச் சேர்மத்தைக் கொண்டு நிறுத்தினோம் என்பதைக் கண்டிப்பாகக் குறித்துவைக்க வேண்டும். ஒருமுறை நான் இதில் கவனம் தவறி, கார்பன் அளவுகோல் முழுவதும் ஒரே திசையில் சற்று விலகிய பட்டியலைக் கேஸ்பருக்குக் கொடுத்துவிட்டு, எல்லா அமைப்புகளுக்கும் விலகல் மிகுந்து வருவதன் காரணம் புரியாமல் ஒரு வாரம் கழித்தேன். அளந்த மதிப்புக்கும் கணித்த மதிப்புக்கும் இடையிலான வேறுபாடு எல்லாக் கார்பன்களிலும் ஒரே அளவாக, ஒரே குறியோடு வந்தால் அமைப்பைச் சந்தேகிப்பதற்கு முன் அளவுகோலைச் சந்தேகியுங்கள்.

அண்மைக் காலத்தில் பாக்டீரியாவின் மரபணுத் தொடரும் துணைக்கு வந்திருக்கிறது. சங்கிலியைக் கட்டும் நொதிகளின் மரபணுக்கள் ஓரிடத்தில் குழுவாக இருப்பதால், எந்தச் சர்க்கரை எந்த இணைப்பில் சேரக்கூடும் என்பதை முன்கூட்டியே ஊகித்து, அந்தக் கட்டுப்பாட்டோடு கேஸ்பரைத் தேடச் சொல்லலாம். ஈ. கோலையின் ஓ-ஆன்டிஜென்களில், அதாவது அதன் 'ஓ' சர்க்கரைச் சங்கிலிகளில், இது நல்ல பலன் தருகிறது. 180க்கும் மேற்பட்ட ஓ குழுக்கள் உள்ள அந்த இனத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஏராளமான முன்னுதாரணங்கள் கிடைப்பதே காரணம். அதிகம் ஆராயப்படாத மண் பாக்டீரியாக்களில் மரபணு ஊகத்தை இவ்வளவு உறுதியாக நம்ப என்னால் இயலவில்லை. அங்கே வேதிப் பகுப்பாய்வையே முதலில் செய்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது ஒரு வரிசை நிலைபெற்றிருக்கிறது. உட்கூறுப் பகுப்பாய்வை மென்மையான அமிலத்திலும் கடுமையான அமிலத்திலும் இருமுறை செய்கிறோம். நிறமாலையில் கார்பன்களை எண்ணி, உட்கூறுகளோடு கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். ஒத்துப்போனபின் கேஸ்பர், அதன் முதல் ஐந்து வரிகளை அச்சிட்டு மேசைமேல் வைத்துக்கொண்டு, எச்.எம்.பி.சி.யிலும் நோசியிலும் ஒவ்வோர் இணைப்பையும் கையால் சரிபார்க்கிறோம். இறுதியாக சி.எஸ்.டி.பி.யில் முழுத் திரும்பலகையும் தேடுகிறோம். சென்ற மாதிரிக்கு அந்தத் தேடலில் ஒரே ஒரு பதிவு வந்தது. வேறொரு இனத்தில் அதே சங்கிலியை முன்பே கண்டவர்கள் தந்திருந்த அட்டவணை எங்கள் அட்டவணையோடு ஒரே ஒரு கார்பனில் மட்டும் வேறுபட்டது. அந்தக் கார்பனை இன்னும் ஒருமுறை அளக்க நாளைக் காலை கருவியில் நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.